மலைக் கிராமங்களில் விறகும் காடும்: நேபாள நடுமலைப் பகுதியின் அனுபவத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தராய் சமவெளிக்கும் பனிச் சிகரங்களுக்கும் இடையில் உள்ள நேபாளத்தின் நடுமலைப் பகுதியில், ஓர் ஏழைக் குடும்பத்தின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்று எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. அது விறகு. பணம் கொடுத்து வாங்காததால் அது செலவாகத் தெரிவதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துப் பெண்களின் நாட்களை விழுங்குவது அதுதான். 2021-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நேபாளத்தில் ஏறக்குறைய 51 விழுக்காட்டுக் குடும்பங்கள் விறகிலேயே சமைத்தன. சாலை எட்டாத மலை ஊர்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம்.

இதே மலைகளில்தான் ஏழை மக்கள் தம் காட்டைத் தாமே மீட்டெடுத்த நிகழ்வும் நடந்தது. 1957-இல் அரசு தனியார் காடுகளை நாட்டுடைமையாக்கியது. காடு தங்கள் கையை விட்டுப் போய்விட்டது என்று உணர்ந்த மக்களுக்கு அதைக் காக்கும் அக்கறை தளர்ந்தது. அரசுக்கோ மலை மலையாகக் காவல் வைக்கும் ஆள்பலம் இல்லை. 1978-இல் பஞ்சாயத்துகளிடம் காட்டை ஒப்படைக்கும் விதிகள் வந்தன. 1993-ஆம் ஆண்டு வனச்சட்டம் அதையும் தாண்டி, காட்டைப் பயன்படுத்தும் மக்கள் குழுக்களிடமே நிர்வாகத்தைக் கொடுத்தது. இன்று 22,000-க்கும் மேற்பட்ட பயனர் குழுக்கள் 20 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான காட்டைப் பராமரிக்கின்றன. 1992-இல் சுமார் 26 விழுக்காடாக இருந்த காட்டுப்பரப்பு 2016-இல் சுமார் 45 விழுக்காடாக உயர்ந்ததை ஒரு செயற்கைக்கோள் ஆய்வு காட்டியது. ஊரைவிட்டு வேலைக்குப் போனவர்களின் தரிசு நிலங்களில் தானே முளைத்த மரங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் மக்கள் குழுக்களின் உழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது.

இந்த வழிகாட்டி, மலைக் கிராமங்களில் காடும் விறகும் சார்ந்து வேலை செய்யும் ஊர்க் குழுவினருக்கும் களப்பணியாளர்களுக்கும் எழுதப்பட்டது. வேலையின் வரிசைமுறையை நான் பெரிதாகக் கருதுகிறேன். பல திட்டங்கள் அடுப்பு வழங்குவதிலோ கன்று நடுவதிலோ தொடங்குகின்றன. யார் விறகு எடுக்கிறார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள், காடு எவ்வளவு தரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் செய்யப்படும் எந்த வேலையும் அந்த ஊரின் மிக ஏழையான பெண்ணின் தலையில்தான் விடியும்.

முதல் படி: காட்டைப் பயன்படுத்துவோர் அனைவரையும் கண்டறிதல்

நிர்வாக எல்லையை வைத்துப் பயனர்களை முடிவு செய்யக் கூடாது. 1978-ஆம் ஆண்டு ஏற்பாட்டின் பெரிய குறையே அதுதான். பஞ்சாயத்தின் எல்லை ஒரு பக்கம் இருக்க, மக்கள் தலைமுறைகளாக நடந்துபோய் விறகும் சருகும் எடுத்த காடு வேறு பக்கம் இருந்தது. ஆகவே காட்டிலிருந்து ஊரை நோக்கி வர வேண்டும். காட்டுக்குள் போகும் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையையும் பின்தொடர்ந்து, அது எந்தக் குடியிருப்பில் முடிகிறது என்று பாருங்கள். தினமும் வருவோர், மழைக்குப் பிறகு மட்டும் மாட்டுத்தீவனத்துக்கு வருவோர், வீடு கட்டும்போது மட்டும் மரம் கேட்டு வருவோர், கோடையில் மந்தையோடு கடந்து செல்வோர் என எல்லோரும் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

பிறகு ஒவ்வொரு குடியிருப்பிலும் தனித்தனியாகக் கூட்டம் நடத்துங்கள். ஊர்ப் பொதுக்கூட்டம் மட்டும் போதாது, ஏனெனில் அங்கே நிலமும் படிப்பும் உள்ளவர்களே பேசுவார்கள். பெண்கள் பால் கறந்து, தண்ணீர் எடுத்து, சமையல் முடித்த பிறகு கூடக்கூடிய நேரம் எது என்று அவர்களிடமே கேட்டு அந்த நேரத்தில் கூடுங்கள். யார் வசதியானவர், யார் நடுத்தரம், யார் மிக ஏழை என்பதை ஊராரே தங்கள் அளவுகோலின்படி பிரிக்கட்டும். எத்தனை மாதத்துக்கு வீட்டுத் தானியம் போதும், எருமை உண்டா, வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப ஆள் உண்டா என்பவை அவர்கள் சொல்லும் அளவுகோல்களாக இருக்கும்.

இந்தப் படியில் தவறாமல் சந்திக்க வேண்டியவர்கள் கொல்லர்கள். நேபாள மலைகளில் காமி எனப்படும் தலித் கொல்லர் குடும்பங்கள் அரிவாளும் மண்வெட்டியும் செய்து தருகின்றன. அவர்களுடைய உலைக்கு வேண்டியது கரி. பயனர் குழு நிர்வகிக்கும் சமுதாயக் காடு உருவான பல இடங்களில் கரி சுடுவது ஒரே தீர்மானத்தில் தடை செய்யப்பட்டது. தீர்மானம் எழுதியவர்கள் யாரும் உலை வைத்திருப்பவர்கள் அல்லர். காடு தழைத்தது, கொல்லரின் பிழைப்பு படுத்தது. பட்டியலில் ஒரு வரி விடுபட்டால் ஒரு குடும்பத்தின் தொழிலே போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் படி: தேவையை அளத்தல்

ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு எத்தனை சுமை விறகு வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும் விடையை அப்படியே எழுதிவிடாதீர்கள். தூக்குத் தராசு ஒன்றை எடுத்துக்கொண்டு சில வீடுகளில் ஒரு வாரம் முழுவதும் எடை போடுங்கள். காலையில் அடுப்படியில் ஒரு கட்டு விறகை எடை போட்டு வைத்து, மறுநாள் காலை மிஞ்சியதை எடை போட்டால் ஒரு நாள் செலவு தெரியும். குளிர்காலத்தில் ஒரு முறையும் மழைக்காலத்தில் ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில் குளிர்காய்வதற்கு எரியும் விறகு சமையலுக்கு எரிவதோடு போட்டி போடும்.

விறகு எதற்குச் செலவாகிறது என்பதையும் பிரித்து எழுதுங்கள். சோறும் பருப்பும் மட்டுமே கணக்கு அல்ல. கறவை எருமைக்குத் தவிடும் தானியமும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சுவது நடுமலை வீடுகளில் அன்றாட வழக்கம். பெரிய பானையில் நீண்ட நேரம் கொதிக்கும் இந்தக் கஞ்சிக்கு எரியும் விறகை வெளியார் கணக்கில் எடுப்பதேயில்லை. ரக்சி எனப்படும் சாராயம் வடிப்பதும் அப்படியே. இந்தச் சாராயம் விற்றுத்தான் சில ஏழைப் பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எடை போடும்போது விறகு ஈரமா, உலர்ந்ததா என்று குறிப்பது கட்டாயம். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். 30 கிலோ பச்சை விறகு நன்றாகக் காய்ந்தபின் ஏறக்குறைய 19 கிலோதான் இருக்கும். இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதினால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

மூன்றாம் படி: காடு தரக்கூடியதை அளத்தல்

எல்லையை ஊராரோடும், பக்கத்து ஊராரோடும் சேர்ந்து நடந்து பார்த்து, பாறை, ஓடை, மேடு என்று மாறாத அடையாளங்களைக் குறியுங்கள். எல்லைத் தகராறு எழுவதானால் இந்த நடையின்போதே எழட்டும். பிறகு மரவகையும் சரிவும் பார்த்துக் காட்டைப் பகுதிகளாகப் பிரியுங்கள். ஐந்து முதல் பத்துப் பகுதிகள் என்பது கையாள எளிது.

ஒவ்வொரு பகுதியிலும் மாதிரிக் கட்டங்கள் அமைத்து எண்ண வேண்டும். பெரிய மரங்களுக்கு 20-க்கு 25 மீட்டர் கட்டமும், அதற்குள் கம்பு அளவிலான இளமரங்களுக்கு 10-க்கு 10 மீட்டர் கட்டமும், அதற்குள் கன்றுகளுக்கு 5-க்கு 5 மீட்டர் கட்டமும் போதும். மரத்தின் விட்டத்தைத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், சரிவின் மேற்பக்கமாக நின்று அளக்க வேண்டும். மலையில் பலரும் விடும் பிழை ஒன்றுண்டு. கட்டத்தின் நீளம் கிடைமட்ட நீளமாக இருக்க வேண்டும். 30 பாகைச் சரிவில் 20 மீட்டர் கிடைமட்டத்தைப் பெறுவதற்குத் தரையோடு 23 மீட்டர் நாடா பிடிக்க வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் காட்டில் இருப்பதைவிடக் குறைவான மரங்களே கணக்கில் வரும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே; உங்கள் ஊரின் எண்களை நீங்களே அளந்து இட வேண்டும். 80 வீடுகள், வீட்டுக்கு ஆண்டுக்கு 2.5 டன் உலர் விறகு என்றால் தேவை 200 டன். 60 ஹெக்டேர் காடு, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2 டன் வளர்கிறது என்றால் மொத்த வளர்ச்சி 120 டன். அதில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது 80 டன்னை மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி வளர்ச்சி காட்டுக்கே சேரட்டும், சீர்கெட்ட காடு மீள்வதற்கு அதுவே மூலதனம். படிவயல் ஓர மரங்கள் 50 டன் தருகின்றன எனில் பற்றாக்குறை 70 டன். பத்து வீடுகள் சாண எரிவாயுவுக்கு மாறி வீட்டுக்கு 2 டன் மிச்சம் பிடித்தால் 20 டன் குறையும். மீதி 180 டன் தேவையில், விறகை உலர்த்துவதாலும் நல்ல அடுப்பாலும் நான்கில் ஒரு பங்கு மிச்சமானால் இன்னும் 45 டன் குறையும். எஞ்சும் 5 டன்னைப் புதிதாக நடும் மரங்கள் சில ஆண்டுகளில் ஈடுகட்டும்.

இந்தக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் கூழாங்கற்களை வைத்துக் காட்டுங்கள். தடைகளால் மட்டும் பற்றாக்குறை தீராது என்பது அப்போது எல்லோருக்கும் கண்கூடாகப் புரியும். காட்டை முழுவதும் பூட்டினாலும் அந்த 200 டன் தேவை அப்படியே இருக்கும். பக்கத்து ஊர்க் காட்டிலோ இரவு நேரத்திலோ அது வெட்டப்படும்.

நான்காம் படி: விதிகளை எழுதுதல்

நேபாளத்தில் ஒரு பயனர் குழுவுக்கு இரண்டு ஆவணங்கள் வேண்டும். குழுவின் உறுப்பினர், செயற்குழு, நிதி ஆகியவற்றைச் சொல்லும் விதிமுறை ஒன்று. காட்டில் எந்தப் பகுதியில் எப்போது என்ன செய்வது என்பதைச் சொல்லும் செயல்திட்டம் மற்றொன்று. கோட்ட வன அலுவலகம் ஏற்றுக்கொண்ட பிறகு காடு குழுவின் நிர்வாகத்துக்கு வருகிறது. நிலம் அரசுக்குச் சொந்தம், விளைச்சல் குழுவுக்குச் சொந்தம். 2009-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் செயற்குழுவில் பாதி இடம் பெண்களுக்கு என்றன. 2019-ஆம் ஆண்டு வனச்சட்டம் வருமானத்தில் குறைந்தது 25 விழுக்காட்டைக் காட்டுக்கே செலவிடவும், மீதியில் குறைந்தது பாதியை வறுமை ஒழிப்பு, பெண்கள் முன்னேற்றம், தொழில் வளர்ச்சி ஆகியவற்றுக்குச் செலவிடவும் சொல்கிறது.

சட்டம் இவ்வளவு சொன்னாலும் விதியின் உயிர் அதன் சின்ன வரிகளில் இருக்கிறது. விறகுக்காகக் காடு ஆண்டில் பத்து நாள் மட்டும் திறக்கப்படும் என்று எழுதினால், ஆள் வைத்து வெட்டிச் சுமந்து அடுக்கும் வசதியுள்ளவருக்கு அது போதும். அன்றாடக் கூலிக்குப் போகும் பெண் அந்தப் பத்து நாளில் கூலியை இழப்பாள், அல்லது விறகை இழப்பாள். காய்ந்து விழுந்த சுள்ளியை வாரத்தில் சில நாட்களாவது ஆண்டு முழுவதும் எடுக்கலாம் என்ற ஒரே வரி அவளைக் காப்பாற்றும். வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிடுவதும் எப்போதும் நியாயம் ஆகாது. சொந்த நிலத்தில் மரமுள்ளவருக்கும் ஒரு கிளைகூட இல்லாதவருக்கும் தேவை ஒன்றல்ல. மிக ஏழை வீடுகளுக்குக் கட்டணம் தள்ளுபடி, கொல்லருக்குக் களைச்செடி, கழித்த கிளை ஆகியவற்றிலிருந்து கரி சுடும் உரிமை, கைம்பெண்களுக்கு வெட்டித்தரும் உதவி ஆகியவற்றை விதியிலேயே எழுதுங்கள். கருணையாக விட்டுவைத்தால் தலைவர் மாறும்போது அதுவும் மாறிவிடும்.

காவலுக்கு முறைவைத்து வீட்டுக்கு ஒருவர் போகலாம், அல்லது ஒரு காவலரை நியமித்து ஆளுக்குக் கொஞ்சம் தானியமோ பணமோ திரட்டிக் கொடுக்கலாம். இரண்டும் நடுமலையில் பழகியவை. அபராதம் சிறியதாகத் தொடங்கி, தவறு திரும்பத் திரும்ப நடந்தால் உயர வேண்டும்.

ஐந்தாம் படி: வெட்டும் முறை

எந்த மரம் மறுபடி தளிர்க்கும் என்பதை முதலில் அறிய வேண்டும். சிலௌனே, கடூஸ், உத்திஸ் போன்ற அகன்ற இலை மரங்கள் அடிக்கட்டையிலிருந்து தளிர்க்கும். சல்லா எனப்படும் ஊசியிலை மரம் வளர்ந்தபின் வெட்டினால் தளிர்க்காது; விதையிலிருந்து மட்டுமே வரும். தளிர்க்கும் மரத்தை, அது உறங்கும் குளிர்காலத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், மழைநீர் தேங்காதபடி சாய்வாக, பட்டை கிழியாமல் ஒரே சீராக வெட்ட வேண்டும். மழைக்குப் பிறகு கட்டையைச் சுற்றி ஒரு கொத்தாகத் தளிர்கள் கிளம்பும். அடுத்த குளிர்காலத்தில் நேராகவும் தடிப்பாகவும் உள்ள இரண்டு மூன்றை விட்டு மற்றவற்றைக் கழித்துவிடுங்கள். கட்டையின் மேல்விளிம்பில் ஒட்டியிருக்கும் தளிர் காற்றில் பிய்ந்துவிடும், தரையை ஒட்டிக் கிளம்பும் தளிரே நிலைக்கும். ஆகவே விடுவதற்குத் தேர்ந்தெடுக்கும்போது கீழிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மேட்டுநிலத்துக் கருவாலிகளான பாஞ்சும் கர்சுவும் மெல்ல வளர்பவை. தீவனத்துக்காக ஆண்டுதோறும் உச்சிவரை கிளை கழிக்கப்பட்டு, தலையில் ஒரு குடுமி மட்டும் மிஞ்சி நிற்கும் கர்சு மரங்களை மலையேறுபவர் எவரும் பார்த்திருப்பர். அப்படிப்பட்ட மரம் விதை தருவதில்லை. அதன் கீழ் கன்றும் முளைப்பதில்லை. மரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் விடுவதும், ஒரு மரத்துக்குச் சில ஆண்டுகள் ஓய்வு தருவதும் மாற்றக்கூடாத விதிகள்.

வெட்டப் பயப்படுவதும் காட்டுக்குத் தீங்கே. சிந்துபால்சோக், காப்ரேபலாஞ்சோக் மாவட்டங்களில் ஆஸ்திரேலிய உதவியுடன் 1978 முதல் மொட்டை மலைகளில் ஊசியிலை மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. வேறெதுவும் வளராத மண்ணில் அவை நிழல் தந்து, அந்த நிழலில் அகன்ற இலை மரங்கள் தாமே முளைக்கத் தொடங்கின. அப்போது ஊசியிலை மரங்களில் மூன்றில் ஒரு பங்குவரை படிப்படியாக இடையிடையே வெட்டி எடுத்துக் கலைத்திருந்தால், மக்களுக்கு வேண்டிய விறகும் தீவனமும் தரும் கலப்புக் காடு வெகு விரைவில் வந்திருக்கும். பல இடங்களில் கலைப்பதைத் தயங்கித் தள்ளிப்போட்டார்கள். மரங்கள் நெருங்கி மெலிந்து நின்றன, உதிர்ந்த ஊசியிலை அடர்த்தியாகப் படிந்து தீக்கு இரையாகக் காத்திருந்தது. ஆகவே ஆண்டுக்கு ஒரு பகுதி என முறைவைத்துக் களையெடுத்து, வளைந்ததையும் நோயுற்றதையும் அமுங்கியதையும் எடுத்து, விதைமரங்களையும் பொந்துள்ள சில முதிய மரங்களையும் விட்டுவைப்பதே சரியான பாதுகாப்பு.

சருகை வழித்து எடுக்க வேண்டாம். மாட்டுக் கொட்டகையில் பரப்பி எருவாக்குவதற்குச் சருகு தேவை என்பது உண்மை. ஒரு பகுதியில் எடுத்தால் அடுத்த ஆண்டு அதை விட்டுவிட்டு வேறு பகுதிக்குப் போங்கள்.

ஆறாம் படி: சொந்த நிலத்தில் மரம்

வீட்டருகே கிடைக்கும் ஒரு சுமை, மூன்று மணிநேர நடையில் கிடைக்கும் ஒரு சுமையைவிடப் பெரிது. படிவயலின் கரைச்சுவர்களில் தீவன மரங்களான குட்மீரோ, படகர், கன்யூ ஆகியவற்றை நடுங்கள். கழித்த கிளையின் இலை மாட்டுக்கு, கொம்பு அடுப்புக்கு. வயலின் பயிருக்கு நிழல் விழாதபடி வடக்குப் பக்கமாகவோ, ஆண்டுதோறும் கழிக்கக்கூடிய இடத்திலோ வைப்பது நல்லது. மண்சரிந்த சரிவிலும் ஓடைக்கரையிலும் உத்திஸ் நடுங்கள். அது காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும், விரைந்து வளரும். அதன் கீழ் பெரிய ஏலக்காய் விளைவித்துப் பணம் பார்ப்பது கிழக்கு நேபாளத்தில் பரவலான வழக்கம். வயல் விளிம்பில் துடைப்பப்புல் வைத்தால் மண் பிடிக்கும், இலை தீவனமாகும், பூ விற்பனைக்குப் போகும், காய்ந்த தண்டு அடுப்புக்கு வரும்.

ஏழாம் படி: உலர்த்துதலும் அடுப்பும்

செலவில்லாத சீர்திருத்தம் உலர்த்துதல். பச்சை விறகின் நெருப்பு முதலில் தன் ஈரத்தைக் கொதிக்க வைக்கிறது, பிறகுதான் உங்கள் பானையை. வெட்டியதை அங்கேயே பிளந்து, தரையில் படாமல் இரண்டு குறுக்குக் கட்டைகள்மேல் அடுக்கி, சில வாரங்கள் காட்டிலேயே விட்டுவிட்டுப் பிறகு சுமந்தால், நெற்றிப்பட்டையில் கூடையைத் தொங்கவிட்டு மலையேறும் பெண் தண்ணீரைச் சுமக்க வேண்டியதில்லை. அடுக்கில் வீட்டு அடையாளம் வைப்பதும், பிறர் அடுக்கைத் தொடுவோருக்கு அபராதமும் விதியில் இருந்தால் மட்டுமே இது நடக்கும். வீட்டில் கூரையிறக்கத்தின் கீழ், காற்றோடும்படி அடுக்குங்கள். மழைக்காலத்துக்கான விறகு மார்ச் மாதத்துக்குள் அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

மண்ணால் செய்த புகைபோக்கி அடுப்பு விறகை மிச்சப்படுத்துவதைவிடப் புகையைக் குறைப்பதில் பெரிய நன்மை தரும். வீட்டுப் புகையால் உலகில் 2020-இல் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. மூடிய அறையில் அடுப்பின் அருகிலேயே இருக்கும் பெண்களும் சிறு குழந்தைகளும்தான் அந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள். ஆனால் அடுப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிடக் கூடாது. புகைபோக்கியில் கரி படிந்து அடைபட்டால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும், அடுத்த மாதம் திறந்த நெருப்பின்மேல் பானை வைக்கும் பழைய இரும்பு முக்காலி திரும்பி வந்துவிடும். அடுப்பு கட்டவும் பழுதுபார்க்கவும் அதே ஊரில் இரண்டு பெண்களுக்காவது பயிற்சியும் கூலியும் கொடுங்கள். குளிர்மிக்க ஊர்களில் அறையைச் சூடாக்காத அடுப்பை மக்கள் ஏற்கமாட்டார்கள். அங்கே புகைபோக்கியுள்ள இரும்பு அடுப்பே பொருந்தும்.

சாண எரிவாயு நேபாளத்தில் நன்கு வேரூன்றியது. 1992-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் வழியே லட்சக்கணக்கான வீடுகளில் நிலத்தடிக் குவிமாடக் கலங்கள் கட்டப்பட்டன. 4 கன மீட்டர் கலத்துக்கு நாளொன்றுக்கு 24 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். அதாவது கொட்டகையில் கட்டித் தீனி போடும் இரண்டு மூன்று மாடுகளாவது இருக்க வேண்டும். மாடில்லாத மிக ஏழை வீட்டுக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை. மாடுள்ளவர் விறகைக் குறைப்பதால் விடுபடும் பங்கை மாடில்லாதவருக்கு ஒதுக்கும் விதி இருந்தால் அவருக்கும் பயன் சேரும். உயரம் கூடக்கூடக் குளிரில் வாயு குறையும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சிலிண்டர் எரிவாயுவையும் மின்னடுப்பையும் வரவேற்கலாம், ஆனால் அவற்றை மட்டும் நம்பக் கூடாது. 2015-இல் இந்திய எல்லையில் போக்குவரத்து முடங்கியபோது தலைநகர் காத்மாண்டுவிலேயே அரசு விறகு விற்க வேண்டியிருந்தது.

எட்டாம் படி: தீயும் ஆண்டுக் கணக்கும்

பிப்ரவரி முதல் மே வரை தீக்காலம். அதற்குமுன் பகுதிகளின் எல்லைகளில் சருகு நீக்கிய தடங்கள் அமைத்து, ஊசியிலையை வாரி அகற்றி, தீ கண்டால் யார் யாரை அழைப்பது என்ற பட்டியலைத் தயாராக வையுங்கள். காட்டை மூடிப் பரவும் பன்மாராக் களையை வெட்டிக் கரியாக்கிக் களிமண் சேர்த்துக் கரிக்கட்டி செய்யலாம். தீக்கு இரையாவது எரிபொருளாகும், களையும் குறையும்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லா உறுப்பினரும் கூடும் அவையில் வரவு செலவை உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுத்தறியாதவர் கேட்கும் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். குறித்த சில இடங்களில் நின்று ஆண்டுதோறும் ஒரே திசையில் நிழற்படம் எடுத்து வையுங்கள். அதே மாதிரிக் கட்டங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மீண்டும் எண்ணி, எடுக்கும் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

காடு மீண்டபின் புதிய சிக்கல்களும் வரும். குரங்கும் காட்டுப்பன்றியும் மக்காச்சோளத்தை அழிக்கின்றன, சிறுத்தை ஆட்டைத் தூக்குகிறது. இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டதால் காவலுக்கும் களையெடுப்புக்கும் ஆள் குறைவு. சில ஊர்களில் விறகின் தேவையே குறைந்து, முதிர்ந்த மரங்கள் விழுந்து மக்குகின்றன. அத்தகைய ஊர்களில் செயல்திட்டத்தை மாற்றி எழுதி, கலைத்தெடுத்த மரத்தை உள்ளூர்த் தச்சருக்கு விற்று, அந்தப் பணத்திலிருந்து பயிரிழந்தவருக்கு ஈடு கொடுப்பதைத் திட்டமிடுங்கள். இன்னும் விறகையே நம்பியிருக்கும் வீடுகள் எவை என்பதை ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிக் கேட்டு, அவர்களுக்குரிய பங்கை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிரியுங்கள்.